நூறு கிலோவுக்குக் கீழே

எழில்மொழிக்கு வயது இருபத்தாறு, எடை ஐம்பது கிலோ. வியாசர்பாடியில் அவர்கள் குடியிருப்பிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் பெண். ஜாவாவில் ஒருமுறை புரோகிராம் எழுதினால் போதும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், இனி எல்லாம் அப்படித்தான் என்று 2003இல் முதலாளி வேதமாணிக்கத்திடம் அடித்துச் சொன்னாள். அவரும் நம்பி, மணலியில் ஒரு சரக்கு யார்டில் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் புரோகிராம் எழுதும் வேலையைக் கொடுத்தார். தேறாவிட்டால் ஜாவாவும் வேண்டாம், அவளும் வேண்டாம் என்பது பேச்சு.

யார்டின் கேட் அறையில் பழைய விண்டோஸ், அலுவலகத்தில் புது லினக்ஸ். இரண்டிலும் புரோகிராம் ஓடியது. லாரி ஏறினால் எடை சரியாக வந்தது. லாரி இறங்கி, மேடை காலியானதும், இரண்டு திரைகளிலும் ஐம்பத்தைந்து கிலோ. லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கிய எதுவோ திரும்பி வந்து உட்கார்ந்ததுபோல.

கேட் கிளார்க் ரகுபதி சிரித்தார். "எங்க போட்டாலும் ஓடும்னியேம்மா. பேயும் கூடவே ஓடுது பாரு."

மெக்கானிக் மேடைக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டுப் பழுதில்லை என்றார். மூன்று நாள் தேடியும் புரோகிராமில் பிழை அகப்படவில்லை. இதற்கு முன்பிருந்த புரோகிராமில் மட்டும் எப்படிப் பூஜ்யம் வந்தது என்று ரகுபதியைக் கேட்டாள். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அதுலயும் இந்த அம்பத்தஞ்சு வந்துகினுதான் இருந்துச்சு. மண்ணாங்கட்டி செத்ததுலேர்ந்து."

மண்ணாங்கட்டி அங்கே மூட்டை தூக்கியவர். தினமும் மத்தியானம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் ஒரு லாரி அவரைக் கவனிக்காமல் ரிவர்ஸில் வந்தது. அதன்பிறகு அப்போதைய புரோகிராமர் ஒரு வரி சேர்த்தாராம்: நூறு கிலோவுக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்யம் காட்டு. அவ்வளவு லேசான லாரி ஏது?

ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு எழில்மொழியும் அதே வரியை எழுதினாள். ஒரே வரி, இரண்டு கம்ப்யூட்டரிலும் பூஜ்யம். வேதமாணிக்கம் வந்து பார்த்தார். இனி எல்லா யார்டுக்கும் இதையே போட்டுவிடலாம் என்று அவள் முதுகில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மேடையின் குறுக்கே நடந்தாள். நடுவில் செருப்பு வார் கழன்றது. குனிந்து மாட்டினாள்.

கேட் அறை ஜன்னலில் ரகுபதியின் முகம் தெரிந்தது.

"எழிலு, எறங்கிடும்மா. நூத்தஞ்சு காட்டுது."

அவள் மட்டும் நின்றால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். பக்கத்தில் பார்க்காமல் இறங்கினாள்.

பூஜ்யம் வந்துவிட்டது என்றார் ரகுபதி. அது மேடையிலேயே இருந்தாலும் பூஜ்யம்தான், அவளோடு இறங்கியிருந்தாலும் பூஜ்யம்தான்.