ஓட்டிலி இறங்கிய ஓட்டை

ஓட்டிலி, மாவாலை வைத்திருந்த பார்த்தல் என்பவரின் நாலாவது பெண். மூத்தவள் கன்னியர் மடத்துக்குப் போனாள். இரண்டாமவள் பிரசவத்தில் போனாள். மூன்றாமவள் தோல் வியாபாரி ஒருவனோடு போனாள். நாலாவதை எங்கே அனுப்புவது என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் புனித வைட் கோயில் கோபுரக் காவல்காரன் கோர்பீனியான் பெண் கேட்டு வந்தான். “இவளாவது மேலே போகட்டும்” என்றாராம் தகப்பன்.

அப்படித்தான் பத்தொன்பது வயதில் அவள் முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினாள். கீழ்ப்பாதி கற்படி, சுவருக்குள்ளேயே சங்கின் சுழிபோலச் சுற்றிச் சுற்றிப் போகும், அகலம் ஓர் ஆளின் தோளளவுதான். மேல்பாதி அகலமான மரப்படி. உச்சியில் மணிகளுக்கு மேலே ஒரே அறை. அதுதான் புகுந்த வீடு.

பவேரியாவில் மரவீட்டு ஊர்கள் எல்லாம் தீக்குப் பயந்தவை. கோபுரத்தில் எந்நேரமும் ஒருவர் கண் விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பதற்கு அடையாளமாக மணிக்கு ஒருதரம் நாலு திசைக்கும் கொம்பு ஊத வேண்டும். கணவனும் மனைவியுமாக இருவர் குடியிருந்தால்தான் வேலை. ஒருவர் குறைந்தால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊர்ச்சபையின் சட்டம் அது.

முப்பத்தெட்டாம் வயதில், பனி உறைந்த மணித்தட்டில் வழுக்கி விழுந்து ஓட்டிலிக்கு இடுப்பு முறிந்தது. எலும்பு கட்டுகிறவன் மேலே வந்து கட்டினான். எலும்பு கூடியது, கால் மடங்க மறுத்தது. நீட்டிய காலோடு மரப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து நகரலாம். சுழல்படியில் அந்தக் காலைத் திருப்ப இடமில்லை. கட்டிலில் கிடத்தித் தூக்கவும் வழியில்லை. பதினோரு வருஷம் அவள் தரையை மிதிக்கவில்லை. பெற்றவள் அடக்கத்தைக்கூட ஜன்னலில் நின்று, கறுப்பு எறும்புச் சாரி ஒன்று கல்லறைக்குப் போவதாகத்தான் பார்த்தாள்.

ஒரே மகள் அஃப்ராவுக்குக் கயிறு திரிக்கிறவர் வீட்டுப் பிள்ளை குவிரினோடு கல்யாணம் நிச்சயமானது. அதே கோயிலில், தாய் குடியிருக்கும் கோபுரத்தின் அடியிலேயே.

“நீ வராம நான் பீடத்துல முழந்தாள் போட மாட்டேன்மா” என்றாள் அஃப்ரா.

“அப்போ கிழவியாகுற வரைக்கும் நின்னுக்கிட்டே இரு.”

வழி சொன்னவன் கோயில்பிள்ளை சிக்ஸ்துஸ். கோர்பீனியானின் தங்கையைக் கட்டியவன். நானூறு வருஷத்துக்கு முன் கொத்தர்கள் கல் ஏற்றிய மரச்சக்கரம் ஒன்று கோயில் விதானத்துக்கு மேலே, கூரைக்கு அடியில் இருக்கிறது. உள்ளே இருவர் நடந்தால் சுழலும். விதானத்தை மூடிய பிறகு அதை வெளியே எடுக்க வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு நேர் கீழே விதானத்தில் ஒரு வட்ட ஓட்டை. பெந்தெகோஸ்தே திருநாளன்று தூய ஆவி என்று மரத்தில் செதுக்கிய புறாவை அது வழியாகத்தான் இறக்குவார்கள்.

“மரப்படி கீழே முடியுற இடத்துல கூரைக்குப் போற கதவு இருக்கு அக்கா. நகர்ந்து வந்துரு. கயிறு கட்டின பலகையில உட்கார வச்சு, சக்கரத்தைச் சுத்தி இறக்கிடுறோம்.”

செய்தி கேட்டுப் பங்குச்சாமி மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“அந்த ஓட்டை வழியா இதுவரைக்கும் தூய ஆவிதான் இறங்கியிருக்கார், ஓட்டிலி!”

“கல்லு ஏறுச்சு, சுண்ணாம்பு ஏறுச்சு. பொம்பளை இறங்கினாத்தான் தீட்டா சாமி?”

“கயிறு அறுந்தா?”

“சம்பந்தி வீட்டுக் கயிறு. அறுந்தா அவங்க மானம் போகும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாடையைக் கணுக்காலோடு கட்டிக்கொள்ள வேண்டும். ஊர் சேர்வதற்குள் இறங்கிவிட வேண்டும். விருந்தில் பீர் ஊற்றுவதற்குள் ஏறிவிட வேண்டும், குடித்த கால் சக்கரத்தில் நிற்காது என்று மூன்று நிபந்தனை போட்டார். அவள் இறங்கினால் கோர்பீனியான் மேலே இருந்தாக வேண்டும். அதை யாரும் பேசவில்லை. கடைசியில் அவனே சொன்னான். “நீ போ. கீழே நடந்த எத்தனையோ கல்யாணத்தை இங்கேருந்தே பார்த்தவன் நான்.”

இறங்கும்போது ஓட்டிலி கண்ணைத் திறக்கவில்லை. கால் கல்லில் பட்டதும்தான் திறந்தாள். முதல் வரிசை இருக்கையில் அமர்ந்தாள். நீட்டிய கால் நடைபாதையை மறித்தது. மணமகன் வீட்டார் ஒவ்வொருவராக அதைத் தாண்டிப் போனார்கள். அஃப்ரா மட்டும் தாண்டாமல், குனிந்து அந்தக் காலைத் தொட்டுவிட்டுப் பீடத்துக்குப் போனாள்.

பூசை முடிந்தது. “கயித்தை இறக்கலாமா?” என்று மேலேயிருந்து சிக்ஸ்துஸ் கத்தினான்.

அஃப்ரா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்களோட இரும்மா. தரையோட வீடு. படியே இல்லை.”

“அத்தை, அடுப்புப் பக்கம் இடம் போட்டாச்சு” என்றான் குவிரின்.

ஓட்டிலி வெயில் விழுந்த வாசற்கதவையே பார்த்தாள். எட்டி வைத்தால் நாற்பது அடி இருக்கும். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, இறங்கிவந்த கயிற்றுப் பலகையில் உட்கார்ந்தாள்.

ஊரே நின்று பார்த்தது. ஆண்டவர் விண்ணேறிய திருநாளில் மரச்சிலையை அந்த ஓட்டைக்குள் இழுப்பார்கள். மறையும்போது சிலையின் முகம் எந்தத் திசையோ, அந்தத் திசையிலிருந்துதான் அந்த வருஷம் இடியும் ஆலங்கட்டியும் வரும் என்பது விவசாயிகள் கணக்கு. பழக்கதோஷம், இப்போதும் கத்தினார்கள்.

“மேற்கே திரும்பாதேம்மா! என் கோதுமை அங்கே இருக்கு!”

“ஓட்டைக்குள்ள நுழையுமா பாரு! கல்யாண விருந்து மாவுருண்டை தின்னிருந்தா சிக்கியிருக்கும்!”

அவள் கிழக்கே பார்த்தபடி மறைந்தாள்.

மரப்படிகளில் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து அவள் உச்சி அறைக்கு வந்து சேர மாலையாகிவிட்டது. கோர்பீனியான் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அழுதாளா?”

“இல்லை. பல்லெல்லாம் தெரிய நின்னா. உன் மகதானே.”

“அங்கேயே இருன்னு சொல்லலையா?”

“சொன்னா.”

“அப்புறம் ஏன் வந்தே?”

“நான் வராட்டா நாளைக்கே உன்னையும் இறக்கி விட்டுருவாங்க. அறுபத்தொரு வயசுல கொம்பு ஊதுறதைத் தவிர உனக்கு என்ன தெரியும்?”

அவன் கொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். வெளிமாடத்துக்குப் போய் வடக்கே ஊதினான், மேற்கே ஊதினான், தெற்கே ஊதினான். அங்கேயே நின்றுவிட்டான். கீழே கயிற்றுக்காரர் முற்றத்தில் விருந்து மேசைகள் தெரிந்தன.

“கிழக்கே ஊதலை” என்றாள் ஓட்டிலி உள்ளேயிருந்து. “ஊது.”