கமர் ஜஹான் கொடுத்த சிறுநீரகம்

பாலக்கரை டீக்கடைக்காரர்களில் கமர் ஜஹானைத் தெரியாதவர்கள் குறைவு. சமோசா மடிக்கிற மெல்லிய மாவுப் பட்டிகளை இட்டு, கல்லில் லேசாக வாட்டி, விடிந்ததும் கடை கடையாக அனுப்பிவிடுவாள். கணவர் மீரான் காந்தி மார்க்கெட் வாசலில் பழவண்டி போட்டிருந்தார். ஒரே மகன் மன்சூருக்குச் சிங்காரத்தோப்பில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்த சமயத்தில்தான் தலைவலி வந்தது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று கண் டாக்டரிடம் போனான். அவர் பிரஷரைப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்தன.

அதற்குப் பிறகு டயாலிசிஸ்தான் அவனுக்கு வாழ்க்கை என்றாகிவிட்டது. தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் பயந்தான். வேறு சிறுநீரகம் வைத்தால் மீண்டுவிடலாம் என்றார்கள். மீரானுக்குச் சர்க்கரை நோய் என்பதால் அவர் கொடுக்க முடியாது.

"என்னோடத எடுத்துக்குங்க டாக்டர்" என்றாள் கமர் ஜஹான்.

டெஸ்ட் முடிந்து டாக்டர் கூப்பிட்டார். அவள் ரத்தம் ஏ, மகன் ரத்தம் பி. சேராது.

"நான் பெத்த புள்ளை டாக்டர். எனக்கும் அவனுக்கும் எப்படிச் சேராமப் போகும்?"

"அத்தா ரத்தம் அவனுக்கு வந்திருக்கும்மா. உங்க தப்பு இல்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தன் கையின் பச்சை நரம்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சில மாதங்கள் கழித்து அதே டாக்டர் ஒரு வழி சொன்னார். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் அறிவுமதி என்று ஒரு ஸ்கூல் வேன் டிரைவர். அவருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. மனைவி ஜோதி தரத் தயார், ஆனால் அவர்களுக்குள்ளும் சேரவில்லை. அவர் ஏ, மனைவி பி. "நீங்க அவருக்குக் கொடுங்க. அந்தம்மா உங்க பையனுக்குக் கொடுப்பாங்க. அரசாங்க அனுமதி வாங்கி, நாலு பேருக்கும் ஒரே நாள்ல ஆபரேஷன் பண்ணிடலாம்."

இரண்டு குடும்பமும் ஆஸ்பத்திரி கேன்டீனில் சந்தித்தன. ஜோதி கமர் ஜஹானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என் உடம்புல ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. பயப்படாதீங்க."

"என்னோடதும் நல்லதுதாம்மா" என்றாள் கமர் ஜஹான். ஏதோ சம்பந்தம் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று மன்சூர் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் கமர் ஜஹான் கேட்டது ஒன்றே ஒன்று. "சிறுநீர் போச்சா?" இரண்டு பேருக்கும் நன்றாகப் போகிறது என்றாள் நர்ஸ். விலாவில் கத்தி வைத்த வலியோடு அவள் படுத்தபடியே துஆ செய்தாள்.

மறுநாள் மன்சூருக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. புதுச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அவசரமாகத் திரும்பத் திறந்தும் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். நூற்றில் ஒருவருக்கு இப்படி ஆவதுண்டு, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். கமர் ஜஹான் தையல் போட்ட விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், என்னோடதைத் திருப்பிக் கேக்கலாமா?"

மீரான் பதறிப்போய், "கமரு!" என்றார். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அது மன்சூருக்குச் சேரவே சேராது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

அறிவுமதி தேறிவிட்டார். கமர் ஜஹானின் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை போட வேண்டும் என்றிருந்தார்கள். கொஞ்ச நாளில் திரும்பவும் வேன் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டாள். மன்சூர் பழையபடி டயாலிசிஸ் கட்டிலுக்குப் போனான். அவன் மெலிய மெலிய, நன்றாக நடமாடுகிற ஊர்க்காரர்களையெல்லாம் விட்டுவிட்டு அறிவுமதி ஒருவர் மேல் மட்டும் அவளுக்குக் கசப்பு ஏறியது. ஜோதி ஒரு நாள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"என்னோடதுதாங்க்கா கெட்டுப்போச்சு. எனக்குத் தூக்கமே வரல."

"உன் புருஷன் நல்லாத் தூங்குறாருல்ல?" என்று கேட்டாள் கமர் ஜஹான். ஜோதி கொண்டுவந்ததை வாசலிலேயே வைத்துவிட்டு, அழுதுகொண்டே போனாள். உள்ளேயிருந்து மன்சூர், "ஏம்மா இப்படிப் பேசுறே? அவங்களும்தானே வயித்தக் கிழிச்சுக்கிட்டாங்க" என்றான்.

அடுத்த மழைக்காலத்தில், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மன்சூரின் இதயம் நின்றுபோனது.

ஜனாஸாவுக்குத் தெரு நிறையக் கூட்டம். மன்சூரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அறிவுமதி முன்னால் வந்தார். கன்னம் நிறைந்து, ஆள் நன்றாக இருந்தார். "நானும் ஒரு தோள் கொடுக்கட்டுங்களா?" என்று மீரானிடம் கேட்டார். மீரான் தலையசைத்தார். அறிவுமதி குனிந்து கை வைத்தார்.

"வேணாம்!"

பெண்கள் நின்ற வாசலிலிருந்து கமர் ஜஹானின் குரல் வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. அறிவுமதி கையை எடுத்துவிட்டு, அடிபட்டவர் போல் நின்றார்.

"அவரு கனம் தூக்கக் கூடாது" என்றாள். "ஆபரேஷன் பண்ண வயிறு. யாராவது சொல்லுங்க அவருக்கு. பின்னாடி நடந்து வரட்டும்."

சந்தூக்கு நகர்ந்தது. கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, தெரு திரும்பும் வரை அவள் கண்ணுக்குத் தெரியும்படி, அறிவுமதி அதன் பின்னாலேயே நடந்தார்.

இத்தா முடிந்து கமர் ஜஹான் மறுபடி அடுப்பு மூட்டினாள் என்று சொல்ல முடியாது. புருஷன் போனால்தான் இத்தா இருக்க வேண்டும், மகன் போனதற்கு அப்படி ஒரு நாள் கணக்கே கிடையாது. ஒரு நாள் எழுந்து மாவு பிசைந்தாள், அவ்வளவுதான். அறிவுமதியை அவள் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வீட்டுக்கும் போகவில்லை. ஜோதி மட்டும் எப்போதாவது போன் செய்வாள். கமர் ஜஹான் நலம் விசாரிக்க மாட்டாள்.

"மாத்திரையை நேரத்துக்குப் போடுறாரா?" என்று கேட்பாள். போடுகிறார் என்று ஜோதி சொன்னதும் போனை வைத்துவிடுவாள்.