மாஷி வீட்டு ஜெபம்

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். கணவரின் துறைமுக வேலைக்காகப் பெங்காலி பேசும் டாக்குரியாவுக்குக் குடிவந்து இருபது வருஷம் தாண்டியும் அது நின்றதில்லை. மகன் தமிழ் படித்ததே வேதாகமத்தில்தான். தண்ணீர் கேட்பதென்றாலும் பெங்காலி கலக்கும் பிள்ளை, கண்ணை மூடினால் ‘எங்கள் பரம பிதாவே’ என்று சுத்தத் தமிழில் தொடங்குவான். அந்தத் தமிழ் நான் கொடுத்தது என்ற கர்வம் எனக்கு உண்டு.

போன வருஷம் அவனுக்குப் பெண் பார்க்கலாமென்று பேச்செடுத்தேன்.

“எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும்மா. சின்ன வயசிலேர்ந்தே” என்றான்.

நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மணிக்குக் கடவுளிடம் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் வைத்துச் சொல்லிவிடுவோம். பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடிக் கேட்டுத்தான் ஆக வேண்டும், எதிர்த்துப் பேச முடியாது. ‘ஆண்டவரே, இங்கே உட்கார்ந்திருக்கும் உம்முடைய பிள்ளையை மாற்றும்’ என்று தினமும் ஜெபித்தேன். இரண்டு மாதம் பொறுத்தான். பிறகு ஏழு மணிக்கு முன்பே வெளியே கிளம்பத் தொடங்கினான்.

விசுவாசத்தை விட்டுவிட்டான் என்றுதான் பயந்தேன். இல்லை என்று ஒரு நாள் அவனே சொன்னான். மற்ற நாட்களில் ஏரியைச் சுற்றிவிட்டு வந்தான். சனிக்கிழமை மட்டும் ஜாதவ்பூர் போனான், ஜெபிக்க. ஓய்வுபெற்ற ஒரு பெங்காலி கிறிஸ்தவ டீச்சர் வீட்டில் இவனைப் போன்ற ஏழெட்டுப் பேர் கூடுகிறார்களாம். அவரை ‘மாஷி’ என்றான். இங்கே சித்திக்குச் சொல்லும் வார்த்தை. எனக்குத் தங்கையே கிடையாது.

“உன்னைப் பத்தி அவங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மூணு வருஷமா.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“மாஷி கேட்டாங்க. நீங்க கேக்கலியே.”

மூன்று வருஷம்! அதற்குள் எத்தனை தடவை அவன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று கேட்டிருப்பேன். கரியாஹாட் சந்தையில் காய் வாங்கும்போது அந்த டீச்சர் வயதுப் பெண்களையெல்லாம் முறைத்தேன். இவளாக இருக்குமோ, டீ கொடுத்து, என் பிள்ளை சொன்னதை எனக்கு முன்னால் கேட்டவள்?

ஒரு சனிக்கிழமை அவன் பின்னாலேயே போனேன். சண்டை போடத்தான். கதவு திறந்திருந்தது. தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஜெபித்துக்கொண்டிருந்தான், பெங்காலியில். மீனுக்கும் ரிக்‌ஷாவுக்கும் பேரம் பேசத் தெரிந்த எனக்கு அது எட்டவில்லை. நடுவில் ஒரு முறை ‘மா’ என்றது மட்டும் புரிந்தது. நன்றி சொன்னானா, புகார் சொன்னானா? அவன் குரலில் அவ்வளவு நிம்மதி. அதன் மேல்தான் பொறாமை பொங்கியது. அவன் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து வேதாகமத்தைத் திறக்கவே பயம் எனக்குத்தானே.

மாஷி எழுந்து வந்து இந்தியில் பேசினார். “அம்மாவா? மூக்கைப் பார்த்தாலே தெரியுதே! உட்காருங்க தீதி.”

என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை அக்கா என்கிறார். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்தேன். ஜெபிக்கும் முறை வட்டம் சுற்றி என்னிடம் வந்தது.

“தமிழ்லயே ஜெபிங்க. எங்களைத் திட்டினாலும் எங்களுக்குப் புரியாது” என்றார்.

அவனுக்குப் புரியுமே. ‘மாற்றும்’ என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “ஆண்டவரே, இந்த அம்மாவைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது” என்றேன். அதோடு ஆமென் சொல்லிவிட்டேன். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னான்: “நான் ஜெபத்தை விடலம்மா. உங்க ஜெபத்தைத்தான் விட்டேன். ஆண்டவர்கிட்ட எனக்கிருந்த சண்டையெல்லாம் அங்கதான் தீர்ந்துச்சு. அவர் என்னை இப்படித்தான் படைச்சார்.”

‘அங்கதான்’ என்றது சுருக்கென்று குத்தியது. “நாளைக்கு வீட்ல உக்காருவியா?”

“உக்காருறேன். ஆனா எனக்காக ஒண்ணும் கேக்கக் கூடாது. உங்களுக்காகக் கேளுங்க.”

மறுநாள் ஏழு மணிக்கு உட்கார்ந்தான். என் முறை வந்தது. எனக்காக என்ன கேட்பதென்று தெரியவில்லை. கணவர் தொண்டையைச் செருமினார். இந்த நிபந்தனையையும் உன் மாஷிதான் சொல்லிக்கொடுத்தாளா என்று அவனைக் கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் எழுந்து போய்விடுவானே என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.