அமாவாசையில் தேர்ந்தெடுத்த ஆம்ப்ளிபையர்

பவர் ஆம்ப்ளிபையர் ஒன்றைத் தனியாக வாங்குவது என்று நான் முடிவு செய்ததற்கு அப்பாதான் காரணம். அவருக்கு அது தெரியாது. என் செட்டில் பாட்டுப் போட்டால் வந்து உட்காருவார். கொஞ்ச நேரம் தலையை ஆட்டுவார். பிறகு பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். பாட்டு என்றால் உயிரை விடும் மனிதர். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கைத்தறிக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டு, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்குவார். எங்களுக்குள் பேச்சு குறைவு. நான் படித்தது அவருக்குப் புரியாது. அவர் செய்யும் வேலையில் என்னைக் கைவைக்க அவர் விட்டதில்லை. பழைய பாட்டு ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பொது. அதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறார் என்றால் குறை என் செட்டில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவரை அந்த நாற்காலியில் ஒரு பாட்டு முடியும்வரை உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது எலக்ட்ரானிக்ஸ். செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. போகவர கம்பெனி பஸ்ஸில் ஆடியோ பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும் போனில் படிப்பேன். படித்துப் படித்து ஒரு முடிவுக்கு வந்தேன். என்னிடம் இருந்த சின்ன ஆம்ப்ளிபையர் எல்லா வேலையையும் தானே பார்த்துக்கொண்டிருந்தது. என் ஸ்பீக்கர்களோ பழையவை, கனமானவை, கரண்ட் தின்பவை. அவற்றைத் தள்ள அதற்குத் தெம்பு போதவில்லை, அதனால்தான் குரல் மெலிந்து வருகிறது, அதனால்தான் அப்பா எழுந்து போகிறார். பாட்டைத் தேர்ந்தெடுப்பதும் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் மட்டும் பழையது பார்க்கட்டும். ஸ்பீக்கரைத் தள்ளும் வேலையைத் தனி பவர் ஆம்ப்ளிபையர் பார்க்கட்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக வந்தது.

அம்மாவுக்கு மட்டும் சரியாக வரவில்லை.

"இருக்கிறது பாடிகினுதான கீது? அப்புறம் இன்னாத்துக்கு இன்னொன்னு?"

"அது பாடலமா. முனகுது."

"முனகினா ஒரு கஷாயம் வெச்சிக் குடு. எத்தினி டப்பாடா அடுக்குவ? மனுசன் படுக்க எடம் வேணாமா?"

என்னோடு படித்தவன் ஒருவன் வேலூரில் பழைய ஆடியோ சாமான்களை வாங்கி விற்கிறான். அவனிடம் இரண்டு பவர் ஆம்ப்ளிபையர்கள் இருந்தன. ஒன்றில் நீல விளக்கும் ஆடும் முள்ளும் இருந்தன, வாட்ஸ் நிறைய. இன்னொன்று மொட்டையான கறுப்புப் பெட்டி. வாட்ஸ் குறைவு, ஆனால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"வாட்ஸைப் பாத்து வாயப் பொளக்காத மச்சி. கல்யாண மண்டபத்துக்கா வாங்குற?" என்றான். "ரெண்டையும் எடுத்துகினு போ. உன் ரூம்ல, உன் ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு. எது பிடிக்குதோ வெச்சிக்க, இன்னொன்னு திரும்பி வரட்டும். கடையில கேட்டு வாங்கினவன் எல்லாம் வூட்டுக்குப் போயி என்னத்தான் திட்டறான்."

வீட்டில் வைத்துக் கேட்பதுதான் எங்கள் தெருவில் நடக்காத காரியம். காலையில் விசைத்தறிகளைப் போட்டால் இருட்டும்வரை நிற்காது. கைத்தறியை எடுத்துவிட்டு அப்பா போட்ட எங்கள் விசைத்தறிகளே என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா அங்கும் இங்கும் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் சுவர் அதிரும். அமாவாசை அன்று மட்டும் தறிகளுக்கு லீவு. அன்றைக்குத்தான் தெருவில் சைக்கிள் போகும் சத்தம்கூடக் கேட்கும். ஆகவே ஷிப்ட் மாற்றி, கெஞ்சி, அமாவாசைக்கு லீவு வாங்கினேன்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் இருக்கும்படி டேப் பிடித்து அளந்து நாற்காலியைப் போட்டேன். படையல் முடிந்து, நெற்றி நிறையத் திருநீறோடு அப்பா வந்து உட்கார்ந்தார். அம்மா கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள்.

அவர் எதிரில் போய் நின்று, "நைனா, நீதான் சொல்லணும். மொதல்லதா, ரெண்டாவதா?" என்றேன்.

"நானா? படிச்சவன் நீ கீற."

"பாட்டு உனக்குத்தான தெரியும்?"

அவர் முகத்தில் ஒரு கூச்சம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் வருமே, அதே கூச்சம். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் நீல விளக்குப் பெட்டி. பெரிய சத்தம், நிறைய பேஸ், எல்லாம் கொஞ்சம் குழம்பலாக. அப்பா தலையாட்டினார். பிறகு கம்பிகளை மாற்றி, கறுப்புப் பெட்டியில் அதே பாட்டு. முதல் வரி முடிவதற்குள் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாடகர் அறைக்குள் வந்து நின்றுவிட்டார். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் தொடையில் தட்டினார்.

"இதான். ரெண்டாவது. அவுரு தொண்டையே தெரியுது பாரு."

முழுப்பாட்டும் உட்கார்ந்திருந்தார். நான் தேர்ந்தெடுத்திருக்கக் கூடியதையே அவரும் சொன்னார். வேலூர்க்காரனுக்குப் போன் போட்டபோது என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. "உங்க நைனாவுக்குச் செம காது மச்சி" என்றான் அவன். அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த அமாவாசை. புதுக் கம்பிகள் வந்திருந்தன. பழையதை எல்லாம் கழற்றி, சுத்தமாக மாட்டிக்கொண்டிருந்தேன். கறுப்புப் பெட்டியை ஆன் செய்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டை அதற்குள் அனுப்பும் கம்பி மட்டும் மீதி. அது கூடத்தில் இருந்தது. எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"இப்பதான்டா ஜம்முனு கீது" என்றார், யார் வந்தது என்று பார்க்காமலேயே. "அன்னிக்குக் கேட்டத விட."

கம்பி என் கையில் இருந்தது.

"நைனா" என்றேன் பின்னாலிருந்து. தாளம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க, "நைனா." வெளியே எவனோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனான். அது எனக்குக் கேட்டது. நான் சுற்றி வந்து முன்னால் நின்றேன். நிழல் பட்டதும் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா, நிறுத்திட்ட?"

நான் சமையற்கட்டுக்குப் போனேன். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நைனாவுக்குக் காது கேக்கலியாமா?"

அவள் அப்பளத்தைத் திருப்பினாள். "இப்பதான் தெரிஞ்சிதா?"

"எம்மா நாளா?"

"நீ ஹாஸ்டல்ல இருந்தப்பவே. மிஷின் சத்தம் கேக்கும். எதுக்க நின்னு கத்திப் பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவாரு."

"அப்ப அன்னிக்கு எப்பிடி ரெண்டாவதுதான் நல்லா கீதுன்னு சொன்னாரு?"

"அதுக்குக் காது எதுக்குடா? மொதல்லது பாடும்போது மூஞ்சத் தொங்கப் போட்டுகினு நின்ன. ரெண்டாவது பாடும்போது முப்பத்திரண்டு பல்லும் தெரிஞ்சிது. எனக்கே தெரிஞ்சிபோச்சி எதுன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? மிஷின நிறுத்துன்னுவ. நிறுத்திட்டு உன்ன எத்த வெச்சி படிக்க வெக்கறது? அவருதான் சொன்னாரு, படிப்பு முடியட்டும்னு. அப்புறம் சொல்றதுக்கு நாக்கு வரல."

எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. தறி ஓடும்போது கையால் பேசுவோம், வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், தறி நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகாது. ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் பக்கத்து அறைக்காரர்கள் நான் சண்டை போடுகிறேன் என்று எட்டிப் பார்ப்பார்கள். இப்படி ஒரு தெருவில், காது போன ஒருவரும் காது உள்ள ஒருவரும் ஒரே மாதிரிதான் நடமாடுவார்கள். இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. எனக்குச் சமாதானம் ஆகவும் இல்லை. சத்தத்தைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். அதைப் படிக்க வைத்த தறியே அவர் காதைத் தின்றுகொண்டிருந்தது. நான் ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூரில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். காதில் வைக்கும் மிஷின் பேச்சுக்குக் கொஞ்சம் உதவும், பாட்டுக்கு உதவுமா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். மீதி இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா என் வாயையும் டாக்டர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "டாக்டருக்கு மீசை மறைக்குது. ஒண்ணும் புரியல" என்று சிரித்தார்.

ஆம்ப்ளிபையரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"மானத்த வாங்காத. நான்தான் செலக்ட் பண்ணேன்னு தெருவுல அத்தினி பேருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

எங்கள் கம்பெனியில் மிஷின் ஓடும் பக்கம் போகிற எல்லாருக்கும் காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு போன்ற அடைப்பான் தருவார்கள். போடாமல் உள்ளே போனால் சூப்பர்வைசர் கத்துவார். அதில் ஒரு ஜோடியைப் பிரிக்காமல் கொண்டுவந்து, தறியைப் போடப் போன அப்பாவை மடக்கிக் கையில் கொடுத்தேன்.

"இன்னாடா இது, மிட்டாயா?"

"காதுல வெச்சிக்க நைனா. மிஷின் சத்தம் உள்ள போவாது."

அதை விரலில் உருட்டிப் பார்த்தார். அமுக்கினார். அது மெதுவாக உப்பி வருவதைச் சின்னப் பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இத்த வெச்சிகினா நாடா ஒழுங்கா போவுதா, முட்டுதான்னு எப்பிடித் தெரியும்? எனக்குக் காதுல விழறது இப்ப அது ஒண்ணுதான்டா. அத்தயும் அடச்சிக்கச் சொல்றியா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முதல் தறியைப் போட்டார், அடுத்ததைப் போட்டார். "நைனா, வேணாம்" என்று கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.