மஞ்சள் சிவந்த கை

ஐந்தாறு வருடம் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் இருந்தேன். தாளை நனைத்து, நிறம் பார்த்து, எது அமிலம் எது காரம் என்று எழுதுவதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி அடங்காது. மோர் அமிலம், சோப்பு காரம், தண்ணீர் எதிலும் சேராமல் சும்மா இருப்பது என்று சோற்றுத் தட்டின் முன்னால் வகுப்பெடுப்பேன். மனைவி சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றுவாள். அவள் ஜாக்கெட் தைப்பவள். தெருவில் பாதிப் பெண்களுக்கு அவள் தைத்த ஜாக்கெட்தான்.

கம்பெனிக்காரர்கள் வீட்டில் குழாய் அடைத்துக்கொண்டால் யாரும் கடைக்குப் போவதில்லை. காஸ்டிக் சோடா என்ற கடுங்காரக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்து வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் கொண்டுவந்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவள், தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லையே என்று அதே கையோடு பாட்டிலைத் திறந்தாள். மெல்லிய பாட்டில். அழுத்தியதும் பொங்கி வலது கை முழுக்க வழிந்தது.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். மஞ்சள் விரல்கள் ரத்தமாய்ச் சிவந்து கிடந்தன. "தண்ணி ஊத்துங்க" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினாள் மனைவி. அக்கா குடத்தைத் தூக்க, நான் குறுக்கே கை நீட்டினேன்.

"ரத்தம் இல்லக்கா. காரம் பட்டா மஞ்சள் செவக்கும். தண்ணி வேணாம், எலுமிச்சம்பழம் புழிஞ்சா சரியாப்பூடும்."

பழத்தைத் தேடி, கத்தியைத் தேடி, நறுக்கிப் பிழிந்தேன். சிவப்பு மெல்ல மறுபடி மஞ்சளானது. பார்த்தாயா என்றுகூடக் கேட்டேன், வெட்கமில்லாமல். கை சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கிறது, இன்னும் எரிகிறது என்று அவள் துடித்தாள்.

"அவ எரியுதுன்றா, நீ கலர் பாத்துக்கினு கீற. நவுருப்பா" என்று என்னைத் தள்ளிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தார் அக்கா.

அந்த வழவழப்பு அவளுடைய தோலே கரைந்ததால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடனே நிறைய தண்ணீர் ஊற்றியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதாம். எங்கள் லேப் சுவரில் அதையேதான் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தினமும் அதன் கீழேதான் நடந்தேன், டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு.

இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. ஊசி பிடிக்க முடியாது. தையல் மெஷின்மேல் துவைத்த துணி அடுக்கி வைக்கிறோம். ஒருநாள்கூட அவள் என்னைக் குற்றம் சொன்னதில்லை, சொல்லித் தொலைத்தால் தேவலை. தண்ணீர் கேட்டவளுக்கு நான் விளக்கம் கொடுத்தேன் என்பது, சமைத்து முடித்து அவள் சோப்புப் போட்டு மஞ்சள் கையைக் கழுவும் ஒவ்வொரு முறையும் என் கண்ணெதிரே சிவந்து, நுரையோடு ஓடுகிறது.