அவர் வாய் அசையவில்லை என்பதற்கு நான் சாட்சி

எண்பத்தாறாம் வருஷம், சுதந்திர தினம். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையில் முதலாளி கொடியேற்ற, நாங்கள் நாற்பது பேர் விறைப்பாக நின்று தேசிய கீதம் பாடினோம். பாடினோம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். முதல் வரி கணீரென்று வரும். நடுவில் வெறும் முணுமுணுப்பு. கடைசி வரிக்கு எல்லோரும் வந்து சேர்ந்துகொள்வோம்.

பக்கத்து லேத்தில் வேலை செய்த கோவில்பதாகை ஊர்க்காரர் மட்டும் பாடமாட்டார். ஒரு வீட்டு மாடியில் கூடி ஜெபிக்கிற சின்னக் கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். எந்த நாட்டுக் கீதமும் பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் ஆணி அடித்தாற்போல நிற்பார். எங்கள் இருவருக்கும் வேலை நிரந்தரமாக வேண்டிய வருஷம் அது. அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். 'தேசிய கீதத்தின்போது இவர் வாய் அசையவில்லை, நான் பார்த்தேன்' என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடு நைனா. உன் பர்மனென்ட் ஆர்டர் ஆபீசுல ரெடியா கீது."

போட்டேன். தேசபக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயம், அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையில் ஒருவரைத் துரத்துவதென்றால்கூட முறையாகத்தான் துரத்துவார்கள். ஒரு வக்கீலை உட்காரவைத்து விசாரணை நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். அவர் என்னிடம் கேட்டார்:

"தம்பி, எல்லாரும் பாடிகினு இருந்தப்போ என் வாயப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாத்தே."

"அப்போ உன் தலை எந்தாண்ட இருந்துச்சி?"

அவர் நின்றது எனக்குப் பக்கவாட்டில். கீதம் முடியும்வரை தலையைத் திருப்பக்கூடாது என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப சாட்சியும் அவமதிச்சிருக்கான்! நீங்க பாத்தீங்களா? சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார் அவரிடம்.

என் கல்யாணம் அந்த மனுஷனின் நாக்கு நுனியில் நின்றது.

"எனக்கு இன்னா சார் தெரியும்? நான் நேரா கொடியத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கேரளத்தில் கீதம் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எழுந்து நின்றாலே மரியாதைதான், பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று. நாங்கள் கொடியேற்றுவதற்குச் சில நாள் முன்பே வந்த தீர்ப்பு. ஆபீசில் தினமும் பேப்பர் வாங்கினார்கள். ராசிபலன் இருக்கிற பக்கம்தான் கசங்கியிருக்கும்.

"அது ஸ்கூலுக்குச் சொன்னது. இது ஃபேக்டரி" என்றார் மேனேஜர்.

வக்கீல் துண்டை இரண்டு முறை படித்தார். "இதை மேல கொண்டுபோனா நாமதான் கோர்ட்டுல நிக்கணும் சார்" என்று ஃபைலை மூடினார்.

அடுத்த வாரம் இருவருக்கும் ஒரே நாளில் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் லேத்தை நிறுத்தாமல், "கல்யாணம் எப்போ?" என்றார்.

வாயைத் திறக்காமல் இருக்கும் உரிமை அவருக்கு உண்டா என்றுதான் இத்தனை பேரும் விசாரித்தார்கள். சூப்பர்வைசர் அந்தத் தாளை நீட்டியபோது எனக்கும் அந்த உரிமை இருந்தது.