தமிழ்நிலா இழுத்த குமிழ்

குத்தாலம் மெயின் ரோட்டில் செந்தில்குமாரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "வேலையில கில்லாடி, வாய்தான் சாக்கடை." அவன் கையைப் பற்றி ஒருத்தனும் பேச மாட்டான். அதைச் சொல்ல வேண்டியவள் அவன் பெண்டாட்டி தமிழ்நிலா. இருபது வருஷமாக அவளும் வாயைத் திறக்கவில்லை.

அவனுக்குக் கார்களில் எலக்ட்ரிகல் வேலை. அவன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான், அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். "அடி" என்றால் ஸ்டார்ட் பண்ண வேண்டும், "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கையில் அகப்பட்டது பறந்து வரும். அந்தப் பயத்தில் படித்த படிப்பு அது! பேட்டரி சோர்ந்ததா, பிரஷ் தேய்ந்ததா, பல் சிக்கியதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அவளை யார் கேட்டார்கள்?

போன ஆடியில் ஸ்பேனரால் அடித்தான். காறை எலும்பு முறிந்து, கட்டுப் போட்ட கையோடு அண்ணன் புகழேந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். மூணு மாசத்துக்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தூக்கம் போய்விட்டது. "அடிக்கிற கைதாம்மா அணைக்கும்" என்று ஆளாளுக்கு வந்து ஓதினார்கள். அணைத்ததை எந்தப் பாவி பார்த்தான்? புகழேந்தி நல்லவன்தான், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவன். "இந்த ஒரு தடவை போயிடு தமிழு" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அழைத்துப் போகச் சாக்கும் அகப்பட்டது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று அறுபத்திரெண்டு மாடல் கருப்புக் கார் ஒன்றைப் புகழேந்தி வாங்கி வைத்திருந்தான். அது களத்தில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. செந்தில்குமார் வந்து அதைச் சரி பண்ணி, அதிலேயே பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போவது என்று பேசி முடித்தார்கள். பேச்சுவார்த்தைக்கு அவளை மட்டும் கூப்பிடவில்லை.

ஐப்பசி குறுவை அறுவடை நேரம். காருக்கு முன்னால் நாலடி தள்ளி நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லர் நின்றிருந்தது. செந்தில்குமார் மல்லிகைப்பூ பொட்டலத்தை சீட்டில் எறிந்துவிட்டு, "ஏய், ஏறி உட்காரு" என்றான். பழக்க தோஷம், உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கால வண்டி. இன்ஜினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுவதற்குச் சாவிகூட வேண்டாம், டாஷ்போர்டில் இருக்கிற கருப்புக் குமிழை இழுத்தால் போதும்; கியரில் கிடந்தால் வண்டியே முன்னால் பாயும். இழுத்தாள். 'டங்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

"மோட்டார் பல்லு இன்ஜின் பல்லுல சிக்கிக்கிச்சுங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும். வாயை மூடு. டாப் கியர் போட்டு ஹேண்ட் பிரேக்கை எடு."

போட்டாள், எடுத்தாள். முன்னால் அவனும் பின்னால் புகழேந்தியுமாக வண்டியை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். சிக்கின பல் விடவில்லை. பானெட்டைத் திறந்து மோட்டார் முனையில் ஸ்பேனர் போட்டுத் திருகினான், அதற்கும் அசையவில்லை. சுத்தியலை எடுத்தான்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் மச்சான்" என்று சிரித்தபடியே முதல் அடி போட்டான். இரண்டாவது அடியில் சிரிப்பு இல்லை. "திமிரு! தின்ன சோறு செரிக்கலை உனக்கு! கொன்னுடுவேன் இன்னிக்கு!" என்று மோட்டாரைத் திட்டித் திட்டி அடித்தான். அத்தனையும் அவளுக்கு மனப்பாடமான வார்த்தைகள். ஒவ்வொரு அடிக்கும் அவள் தோள் தானாகத் துள்ளியது. வீட்டுக்குப் போனதும் விழப்போவது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மெதுவா மாப்ள, பழைய உருப்படி" என்றான் புகழேந்தி.

அவ்வளவுதான். "எனக்கே தொழில் சொல்லித் தர்றியா? தங்கச்சிய ஒழுங்கா வளர்க்கத் துப்பில்ல!" என்று கடைசியாக மோட்டாரில் ஓங்கிப் போட்டுவிட்டு, திரும்பின வேகத்தில் அதே சுத்தியலைப் புகழேந்தி மேல் வீசினான். காதோரம் கிழிந்து ரத்தம் கொட்ட, புகழேந்தி களத்து ஓரத்தில் விழுந்தான். விழுந்தவனை விலாவில் மிதித்தான். மறுபடியும் மிதித்தான்.

"ஐயோ, அண்ணனை விடுங்க!"

"உனக்கு வீட்டுல இருக்குடி!"

அந்தக் கடைசி அடியில் பல் விலகி உள்ளே போன 'க்ளிக்' அவள் காதில் மட்டும் விழுந்திருந்தது. தெறித்த சுத்தியல் காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் கிடந்தது. அதை எடுக்க அவன் போனான். பானெட் மறைத்ததால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். அண்ணன் வண்டிக்கு எட்டாத தூரத்தில் கிடந்தான். இவன் குனிந்துகொண்டிருந்தான். கிளட்ச்சை மிதித்து, டாப்பில் இருந்த கியரை முதல் கியருக்கு மாற்றினாள். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டுக் குமிழை முழுசாக இழுத்தாள்.

வண்டி திமிறிக்கொண்டு பாய்ந்தது. அவன் இடது காலை பம்பருக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கியது. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. அறுவடை ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அவள் நியூட்ரலில் போட்டாள், அவர்கள் வண்டியைப் பின்னால் தள்ளி அவனை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எஸ்.ஐ. அம்மா வந்தார்கள். தலையில் கட்டோடு புகழேந்தி முந்திக்கொண்டான்: "கியர்ல இருந்தது தெரியாம இழுத்துட்டா மேடம். ஆக்சிடெண்ட்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த செந்தில்குமாரும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா, ஆக்சிடெண்ட்தான். எம் பொண்டாட்டி மேல கேஸெல்லாம் வேணாம். கால் கூடினதும் நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான்.

தமிழ்நிலா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஆக்சிடெண்ட் இல்லைங்க. கியரை மாத்தினது நான். அவரு குனியறதப் பாத்துட்டுத்தான் இழுத்தேன். அப்படியே எழுதிக்கங்க."

"பைத்தியமா உனக்கு? ஜெயிலுக்குப் போவே!" என்று புகழேந்தி அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"போறேண்ணே" என்றாள். "அங்கேருந்து என்னை இவரோட யாரும் அனுப்பி வைக்க மாட்டாங்கல்ல."